வரிசை மாறிய ஆல்பம்

ஐப்பசி 9, ஞாயிறு

எங்கள் ப்ராக்ரசிவ் ராக் ஆல்பத்தை இன்று காந்திபுரம் அறையில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினோம். ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்தது பிறக்க வேண்டும் என்று இரண்டு வருடம் உழைத்தது.

பிரபு கண்ணை மூடித் தலையாட்டினான். "கலைங்க இது!" என்றான். கிணத்துக்கடவிலிருந்து வந்த செல்வி அக்கா, "ஏங்கண்ணு, ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லியே, பாதில வெட்டிப்போட்டாப்பல இருக்குது" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "காது இருந்தாத்தானுங்கக்கா கேக்கும்" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பிறகுதான் பாட்டுப் போட்ட போனைப் பார்த்தேன். ஷஃபிளில் ஓடியிருக்கிறது. பாட்டெல்லாம் முன்பின்னாக வந்திருக்கிறது. பிரபு, எந்த எழவைக் கேட்டுத் தலையாட்டினாய்?

அவனைச் சொல்லி என்ன? அத்தனை பாட்டுக்கும் டிரம்ஸ் அடித்தவன் நான். ஒரு மணி நேரமும் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும்தான் பாட்டைக் கேட்டிருக்கிறார்.