நிரூபா கண்ட இரண்டு திகதிகள்

அக்கரப்பத்தனை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரேமினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தங்கச்சி நிரூபாவும் நல்ல சுகம், ஜோர்தானில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாரியம்மாவைக் கும்பிடுகிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை மகள், அதனால்தான் லீவு முடிந்து உங்கள் தையல் பெக்டரிக்குத் திரும்பும் சர்மிளாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். இங்கே பத்து நாளாக மழை. அம்மாவின் முழங்கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது, ஆனாலும் விறகுக்குப் போகாதே என்றால் கேட்கிற ஆளா அவள். நான் வழக்கம்போல டவுன் மரக்கறிக் கடையில்தான்.

இப்போது நம் வீட்டில் பெரிய விசயம் நிரூபாவின் கட்டுரை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் விருப்பத்தில்தான் படிப்பை நிறுத்துகிறார்கள் என்பது சரியா பிழையா என்று, சான்று காட்டி வாதிட வேண்டுமாம். யாழ்ப்பாணத்திலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்திருக்கும் இராசரத்தினம் சேர் கொடுத்தது. சின்னவள் முதலில் சரி என்று எழுதத்தான் திட்டம் போட்டாள், முதல் சான்று நான். என்னைக் கதிரையில் உட்கார வைத்துக் கேட்டாள், நானும் பெரிய மனுசன் மாதிரி, "ஒங்கக்காவுக்குப் படிப்பு ஏறல, அவளாத்தான் நின்னுட்டா" என்று சொன்னேன். நம் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொல்கிற பேச்சுத்தானே, எனக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அந்த சேர் விட்டாரா? "ஒராள் சொன்னதை அப்பிடியே எழுதாத, அதுக்கு எதிரா ஏதும் கடதாசி இருக்கோ எண்டு தேடிப் பார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தேடினாள். தகரப் பெட்டியில் இரண்டு கடதாசி கிடைத்தன. ஒன்று உன் சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு, ஏழு ஏ, இரண்டு பி. மற்றது நான் தோட்டத்து ஒபிசுக்குக் கொடுத்த கடிதத்தின் கொப்பி. அம்மாவால் கொழுந்து பறிக்க மலை ஏற முடியாமல் போனபோது, வீட்டில் ஒருவருடைய பேராவது தோட்டத்து வேலைப் பதிவில் இல்லாவிட்டால், தோட்டம் கொடுத்த லயக் காம்பிராவை விட வேண்டிவருமே என்று பயந்து, அம்மாவின் பேருக்குப் பதிலாக உன் பேரைப் பதியச் சொல்லி நான் கையெழுத்து வைத்தது. நிரூபா இரண்டையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "அப்பா, திகதியப் பாருங்க, ரிசல்ட் வர்றதுக்கு ரெண்டு மாசம் முந்தியே அக்கா பேர் பதிஞ்சிருக்கு. படிப்பு ஏறலன்னு நீங்க எப்பிடிக் கண்டீங்க?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. சோறு போட்டு வளர்த்த பிள்ளை என்னை விசாரணை செய்வதா என்று கத்திவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு இரண்டு பேருக்குக் கரட்டைத் தப்பாக நிறுத்துக் கொடுத்தேன், அவ்வளவு புத்தி கலங்கியிருந்தது.

திரும்பி வந்தபோது அவள் கட்டுரையை அப்படியே மாற்றி எழுதியிருந்தாள். பிழை என்ற பக்கம்தான் இப்போது. ஆனால் என் பேரை வெட்டிவிட்டு, ஒரு தந்தை என்று போட்டிருந்தாள், அப்பாவுக்கு வெட்கம் வரக்கூடாதாம். அம்மா பூரணி அடுப்படியிலிருந்து, "அவரு பேரையே போடு, அன்னைக்கு நானும் வாயத் தொறக்கல, என் பேரையும் போடு" என்றாள். நல்லமுத்து என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

சேர் வாசித்துவிட்டு, எல்லாம் சரி, ஆனால் படிப்பை விட்ட பிள்ளையின் வாய்ச்சொல் இதில் இல்லையே என்றாராம். நிரூபா உன்னிடம் போனில் கேட்கப் போனாள், நான்தான் தடுத்தேன். நீ எங்களைக் காப்பாற்ற, என் விருப்பம்தான் என்று சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் கம்பளிச் சட்டை போடு, மாரியம்மா துணையிருப்பாள். அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது. கட்டுரை கொடுக்க இருபதாம் திகதி கடைசி, அதற்கு முன் மறக்காமல் பதில் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்பு. பேரைப் பதிந்த அன்றைக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்து வைத்தேன், அது என் பிழை. இப்போது கேட்கிறேன். உனக்குப் படிக்க ஆசையாக இருந்ததா மகள்? உண்மையை எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லமுத்து