உங்கள் கியூவை வெட்டவில்லை

அன்புள்ள கணவருக்கு,

நானும் மகளும் நலம். நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை, ஒன்றரைப் பக்கமும் பில்லியர்ட்ஸ் ஆடும் கோலைப் பற்றி, உங்கள் கியூவைப் பற்றித்தான்.

மகளுக்குப் பல்லில் கம்பி போட்டாகிவிட்டது. எதையும் மெல்ல முடியாமல் இரண்டு நாள் என்மேல் எரிந்து விழுந்தாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நாளைக்கு வருகிறேன் என்று பிளம்பர் சொல்லிப் பதினோரு நாள் ஆகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் முக்கியமானதைத் தொடங்கும்போதுதான் உங்களுக்கு ஷிப்ட் மணி அடிக்கிறது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.

பில்லியர்ட்ஸ் கிளப் அணியில் நான்காவது ஆளாக என்னைச் சேர்த்ததைச் சொன்னேன் அல்லவா? போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. இதுவரை உங்கள் கியூவில்தான் ஆடிவந்தேன். அது உங்கள் உயரத்துக்கும் உங்கள் கைக்கும் செய்தது. நான் குனிந்து நின்றால் பின்பக்கம் முழங்கையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு மாலையும் தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் வீட்டு வேலையைத் தொடங்குகிறேன். அதனால்தான் எனக்கென்று ஒன்று செய்துகொள்கிறேன் என்றேன். அதில் என்ன தவறு என்று இன்றுவரை புரியவில்லை.

கடைசல் பட்டறைக்காரர் முதல் நாள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். "சார் வரலிங்களா? அவர் வந்து சொன்னாத்தானே அளவு எடுக்க முடியும்" என்றார். ஆடப்போவது நான்தான் என்றேன். தலையை ஆட்டினார். பத்து நாள் கழித்து ஒன்றைக் கொடுத்தார் பாருங்கள், ஸ்வெட்டர் பின்னும் ஊசி மாதிரி! பிடியில் நீலப் பூக்கள் வேறு. "லேடீஸுக்குன்னு லைட்டா பண்ணிருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னார். அதால் அடித்துப் பார்த்தேன். பந்து மேசையின் மூன்று பக்கமும் மோதிவிட்டு வந்து கடைசிப் பந்தைத் தட்ட வேண்டிய ஆட்டத்தில், இரண்டாவது பக்கத்திலேயே அதற்கு மூச்சு வாங்கிவிட்டது.

நான் தையல்காரி. நாள் முழுக்க ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறேன். என்னை அளக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் என் டேப்பையே எடுத்துக்கொண்டு போனேன். மேசையின் மேல் குனிந்து நின்று, முன்னால் ஊன்றும் கையிலிருந்து பின்னால் பிடிக்கும் கை வரை நானே அளந்து எழுதினேன். நீளம் நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர். எடை ஐந்நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. முன்பாதி மேப்பிள் மரம். பிடி என் கை மூடும் அளவுக்குப் பருமன். பூ வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், பளபளப்பு வேண்டாம். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இது சார் எழுதினதா?" என்று கேட்டார். அந்த டேப்பாலேயே அவர் வாயைக் கட்டியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. புதிது எதற்கு, என் கியூவையே ஐந்து சென்டிமீட்டர் குறைத்துக்கொள், எனக்கு இனி அது எதற்கு என்று எழுதியிருந்தீர்கள். கூடவே படம் வேறு. எங்கே வெட்டுவது, எங்கே சீவுவது என்று சிவப்பு மையில் கோடு.

நீங்கள் சொல்லி நான் எதைச் செய்யவில்லை? உறையோடு பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, பிடிப்பானில் பொருத்திப் பென்சிலால் குறி போட்டார். ரம்பத்தைக் கையில் எடுத்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "வெட்டினா ஒட்ட முடியாதும்மா. சார் வந்தா எதுல ஆடுவாரு?" என்றார்.

நீங்கள் வெளிநாட்டு வேலைக்குப் போன இந்த இருபத்தாறு மாதமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் இதோ வந்துவிடுவார் என்று சொல்லிப் பழகிய வாய் இது. அன்றைக்கு வேறொன்றைச் சொன்னது. "கழட்டுங்க அதை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து லேத்தும் நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களோடு வேலை செய்யும் வெல்டரின் மனைவி போன வாரம் ரவிக்கை தைக்க வந்தார். இன்னும் மூன்று வருடம் வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் அங்கே தனி அறை ஒதுக்கியிருக்கிறார்களாம். தன் கணவர் போடவில்லை, அடுத்த மாதம் வந்துவிடுவார் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு உங்கள் கடித உறையை எடுத்துப் பார்த்தேன். அனுப்புநர் முகவரியில் எப்போதும் இருக்கும் பொதுக்கூடத்துப் படுக்கை எண் இல்லை. புது அறை எண்தான் இருந்தது.

உங்கள் கியூவை ஒரு மயிரிழைகூடக் குறைக்கவில்லை. பென்சில் குறியை நானே அழித்துவிட்டு, கிளப் தாங்கியில் உங்கள் இடத்தில் மாட்டியிருக்கிறேன். என்னுடையது செவ்வாய்க்கிழமை வந்தது. நான் எழுதிக்கொடுத்தபடியே இருக்கிறது. முதல் அடியிலேயே தோள் நன்றி சொன்னது. புதன்கிழமை கிளப் செயலாளரோடு ஆடி ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தேன். மனிதர் என் கியூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தோற்றதற்கு அதுதான் காரணம் என்பதுபோல. வீட்டுக்கு வந்ததும் சொல்லிச் சிரிக்க ஆளைத் தேடினேன். மகள் தூங்கிவிட்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்டிருந்தால் போட்டேன் என்று எழுதுங்கள். கத்துவேன், நாலு நாள் அழுவேன், அப்புறம் அதற்கேற்றபடி வீட்டை நடத்துவேன். எனக்கு அது வரும். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், எங்கே வெட்டுவது என்று படம் போட்டு அனுப்புவது மட்டும் இனி வேண்டாம்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், அதில் மட்டும் எனக்குக் கோபம் கிடையாது. உங்களைச் சீக்கிரம் எதிர்பார்க்கிறேன் என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இந்த முறை அதை எழுதவில்லை. தேதியை நீங்கள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி