உன் தம்பி மாதா கோயிலுக்குள் வந்த ஞாயிறு

என் வசந்திக்கு, இன்னும் உன் வீட்டுக்காரனாகவே இருக்கிறவன் எழுதுவது.

நேற்று மாதா கோயிலில் என் மானம் போயிற்று. வாசலில் ஷூவைக் கழற்றினேன். இடது காலுறையில் ஓட்டை, பெருவிரல் முழுசாக வெளியே வந்து ஊரைப் பார்த்தது. பாதர் பார்த்தார். கோயிலின் முதல் வரிசைக்காரி மதாம் ரோஸ்லின் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ஜெபமாலையைத் தேடினார். ஸ்வெட்டர் ஃபேக்டரியில் பின்னல் மெஷின்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக்குக்குத் தன் காலுறையைத் தைக்கத் தெரியாது என்பது குட்லண்ட்ஸ் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நீ இருந்தவரை என் காலுறைகளுக்கு இந்தத் துணிச்சல் வந்ததில்லை.

உனக்குத் தமிழ் வாசிக்க வராது, எனக்கு இந்தத் தீவின் கிரியோலில் எழுத வராது. அங்கே எங்கள் ஊர்க்காரர் யாராவது இருப்பார்கள், வாசித்துக் காட்டச் சொல்.

இந்த ஊர்க் கோயிலில் ஷூவைக் கழற்றுகிற வழக்கம் எப்போது வந்தது என்று கேட்பாய். சொல்கிறேன். நேற்று உன் வருஷ நினைவுப் பூசை.

நீ போன பிறகு கோயில் காலியாகிக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். விடியும்போதே ஃபேக்டரி பஸ் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நம் மகளுக்கு ஹோட்டலில் ஞாயிறுதான் வேலை அதிகம்; டூரிஸ்டுகளுக்குப் படுக்கை விரித்துவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து ஜெபம் சொல்கிறாளாம். தவறாமல் பூசைக்கு வந்தது பெஞ்சுகள் மட்டும்தான்.

புதிதாக ஒரு பாதர் வந்தார். சின்ன வயசு, மோட்டார் சைக்கிளில் வருகிறார். எங்களைக் கூட்டி உட்கார வைத்து, வராதவர்களைத் திட்டியது போதும், அவர்களை எது தடுக்கிறது என்று சொல்லுங்கள் என்றார். அப்படித்தான் சனிக்கிழமை சாயங்காலப் பூசை வந்தது. ஃபிரெஞ்சு போய்க் கிரியோல் ஜெபம் வந்தது. பெண்கள் வேலை உடுப்போடு, தலைமுடியில் நூல் பிசிறோடு வந்து பாடுகிறார்கள். மேளம் அடிக்கலாம் என்றதும் மதாம் ரோஸ்லினுக்குக் கோபம். ஆண்டவருக்குக் காது நன்றாகவே கேட்கும், தட்டிக் கூப்பிட வேண்டாம் என்றார். இப்போது முதல் வரிசையில் அவர்தான் கைதட்டுகிறார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? எங்கள் தூத்துக்குடிப் பக்கம் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் போவோம், பாயில் உட்காருவோம் என்றேன். இந்தத் தீவுக்கு வந்த முதல் ஞாயிறு வெறுங்காலோடு பூசைக்குப் போய், எல்லாரும் என் காலையே பார்க்க, அந்த வாரமே ஷூ வாங்கிய கதையையும் சொன்னேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். பாதர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

மதாம் ரோஸ்லின் என் பக்கம் திரும்பினார். "நாளைக்குத் தேங்காய் உடைக்கச் சொல்வீங்களா, மிஸ்யே?"

"மோசேயைக் கூப்பிட்டதும் கடவுள் முதல்ல செருப்பைத்தான் கழட்டச் சொன்னார், மதாம்" என்றார் பாதர்.

வாசலில் செருப்பு வைக்க ஒரு மரத்தட்டு அடித்து வைத்தார்கள். பீடத்துக்கு முன்னால் பாய் விரித்தார்கள். விரும்புகிறவர் கழற்றலாம், விரும்பாதவர் ஷூவோடு பெஞ்சில் உட்காரலாம்.

இனி மூர்த்தி விஷயம். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன்.

நம் கல்யாணத்துக்கு உன் தம்பி தீவின் தென்கோடிச் சுரினாமிலிருந்து பஸ் மாறி வந்து, கோயில் முற்றத்துப் பாதாம் மரத்தடியிலேயே நின்றான். மகளின் ஞானஸ்நானத்துக்கும் அங்கேதான். அவள் முதன்முதல் நற்கருணை வாங்கிய புது நன்மைக்கும் அங்கேதான். உள்ளே வாடா என்றால், "இங்க காத்து நல்லா வருது மாமா" என்று சிரிப்பான். பிறகு நம் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போவான். ராத்திரி பாத்திரம் கழுவும்போது நீ சொல்வாய், கல்யாணத்துக்காக உனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை அவன் மன்னிக்கவில்லை என்று. அவன் வருகிற நாட்களில் நீ கடைசிப் பெஞ்சில்தான் உட்காருவாய். கதவு வழியாக அவன் தெரிவான். உன் அடக்கத்தன்றும் அவன் அதே மரத்தடியில், மழையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று கதவு வழியாகப் பார்க்க நீ இல்லை.

நேற்று வந்தான். வெள்ளைச் சட்டை. மரத்தை நோக்கிப் போனவன், வாசலில் செருப்பு வரிசையைப் பார்த்து நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு குனிந்து கழற்றி, என் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நேரே உள்ளே வந்து பாயில் சம்மணம் போட்டான். பாதர் அப்பத்தை உயர்த்தியபோது, தன் ஊர்ச் சாமி கோயிலில் கும்பிடுவது போலவே தலைக்கு மேல் கைகூப்பினான். யாரும் சிரிக்கவில்லை. உன் பெயரைப் பாதர் வாசித்தபோது அவன் தோள் குலுங்கியது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

பூசை முடிந்து அந்த மரத்தடியில் எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். சும்மா இருக்க முடியாமல், "இன்னைக்கு உள்ளயும் காத்து வந்துச்சா?" என்றேன்.

சிரித்தான். அப்புறம் டீயைப் பார்த்துக்கொண்டே, "மோ தி ஒந்தே, மாமா" என்றான். வெட்கமாக இருந்ததாம். சாமி இருக்கிற இடத்துக்குச் செருப்போடு போக அவனுக்கு மனசு வரவில்லை. கழற்றிவிட்டுப் போகலாமென்றால் உள்ளே அத்தனை பேரும் பளபளவென்று ஷூ போட்டிருக்கிறார்கள்.

"நான் மட்டும் வெறுங்காலோட உள்ள வந்தா அக்காவுக்குத்தானே அவமானம்? கரும்புக்காட்டுக்காரனோட அக்கான்னு உங்க ஆளுங்க பேச மாட்டாங்களா?"

கோபமே இல்லையா என்று கேட்டேன். என்ன கோபம் என்று திருப்பிக் கேட்டான். நீ படுக்கையில் இருந்தபோது உன் பேரில்தான் காவடி எடுத்தானாம். ஐயர் பெயர் கேட்டபோது, சாமிக்குக் குழப்பம் வரக் கூடாதென்று ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்து, 'வசந்தி மரி' என்று சொன்னானாம்.

ஒரு மரத்தட்டு, வசந்தி. ஃபேக்டரியில் பெட்டி உடைத்த பலகையில் ஒரு மத்தியானத்தில் அடித்துவிடலாம். இத்தனை வருஷம் அதைச் செய்ய யாருக்குத் தோன்றியது? வெறுங்காலோடு வெட்கப்பட்டு ஷூ வாங்க ஓடிய எனக்கே தோன்றவில்லையே.

பஸ் ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்காவுக்குத் தெரியும்ல, மாமா? நான் ஏன் வெளிய நின்னேன்னு?"

"தெரியும்டா" என்றேன்.

வருகிற காவடிக்கு சுரினாம் போய் அவன் பக்கத்தில் நடப்பேன், தண்ணீர்ச் சொம்பு நான் பிடிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. இன்னொன்றும் உண்டு. அவன் உன்மேல் கோபமாக நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேதான் நீ கண்ணை மூடினாய். அதை அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உன் மகளின் அப்பா, உன் தம்பிக்கு மாமா,
சவரிமுத்து