பீரங்கிச் சத்தத்தில் திறந்த நோன்பு

பொந்தியானாக்,
பெருநாள் கழிந்த இரண்டாவது வாரம்.

அன்பு மகள் மஹ்தலீனாவுக்கு வாப்பா ஜும்ஹாரி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். உன் உம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, எனக்கு உன் உம்மா இருக்கிறாள், ஆளுக்கு ஒன்று என்று காலம் ஓடுகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, போன வருடம் வயிற்றில் ஆபரேஷன் செய்த இடம் அந்த ஊர்க் குளிருக்கு வலிக்கிறதா என்று ஒளிக்காமல் எழுது. வாரா வாரம் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் உன் உம்மா என் தோளில் காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அவள் முடித்து வைக்கிறாள். இது அவளை வைத்துக்கொண்டு சொல்கிற சங்கதி இல்லை, அதனால் அவள் மீன் வாங்கப் போகிற நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

முதலில் எனக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டும். நம் ஊர்ச் சூரியன் ஒழுங்கான உத்தியோகஸ்தன், வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வருவான், ஒரே நேரத்துக்கு வீட்டுக்குப் போவான். நார்வேயில் நீ இருக்கிற பக்கம் கோடையில் அவன் போகவே மாட்டேன் என்கிறானாமே. அப்படியானால் இந்த ரமலானில் நீ எந்த ஊர்ச் சூரியனைக் கணக்கு வைத்து நோன்பு திறந்தாய், மக்காவையா, பக்கத்து நகரத்தையா? ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்க, கடிகாரம் சொல்லிவிட்டது என்று தண்ணீரை வாயில் வைக்கும்போது கை கூசாதா? கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்கிறேன். ஏனென்றால் இந்த வருடம் நம் தெருவே சூரியன் இருக்கும்போது நோன்பு திறந்துவிட்டது. அதுவும் யாரால் என்றால் உன் ஊசு மாமாவால்.

அதைச் சொல்வதற்கு முன் உன் உம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண்களுக்கு மாதத்தில் சில நாள் நோன்பு கூடாது, அதைப் பிறகு வைத்து ஈடுகட்ட வேண்டும், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயதுக்கு வந்த நாள் முதல் உன் உம்மா ஒரு ரமலானைக்கூட இடையில் விடாமல் வைத்ததில்லை, வைக்கவும் முடியாது. இந்த வருடம்தான் வயது அவளுக்கு அந்த விடுமுறையை நிறுத்தியது. பிறை கண்ட அன்று மாலை கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்தத் தடவை ஒண்ணு விடாம முழு மாசமும் வைக்கப் போறேங்க, லேனாவை அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்லேருந்து எழுப்பிக் குடுத்தானே, அதுக்கு நான் இன்னும் ஒண்ணுமே செய்யலை' என்றாள். நேர்ச்சை என்று சொல்லவில்லை, நன்றி என்றுதான் சொன்னாள். அவள் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தாள். உனக்கு இதைச் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள், சொன்னால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாயாம்.

மாதம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பத்து நாளும் வந்துவிட்டது. நம் கரையில் பெருநாளுக்கு வெடிக்கிற மரப் பீரங்கிகளைத் தூக்கி நிறுத்துகிற நேரம், உனக்குத் தெரியும், பையன்கள் ஆற்றில் ஊறப்போட்டிருந்த பெரிய மரங்களை எல்லாம் வெளியே இழுத்துக் குடைந்து, பிரம்பு சுற்றி, மஞ்சளும் பச்சையும் அடித்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஊசு மாமா இந்த வருடம் யாரையும் கூட்டுச் சேர்க்காமல் தனியாக ஒரு மரம் பிடித்திருந்தான். ஒரு நாள் சாயங்காலம் பார்த்துக் கப்புவாஸ் ஆற்றுக்கு மேலே வானம் மூடிக்கொண்டது, வெளிச்சம் எங்கே போனது என்றே தெரியவில்லை. போதாததற்குக் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊமை, முரசு கொட்டினாலும் நம் கோடிக்கு எட்டாது, அதனால் நேரமானதும் கரையிலிருந்து ஒரு வெடி போட்டுத் தெரிவிப்பது நம் தெரு வழக்கம். எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வெடி கேட்டது. பலகைப்பாதையே அதிர்ந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டோம், சர்பத் குடித்தோம், நான் இடித்துச் சுட்ட கணவாயில் கையை வைத்துவிட்டேன். அப்போது காற்று திரும்பி, தூரத்தில் முரசும், பிறகு வெறும் தொண்டையில் பாங்கும் மெதுவாகக் கேட்டது. பக்கத்து வீட்டு சுரியாத்திதான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, 'இப்பக் கேட்டது பாங்குன்னா, அப்பக் கேட்டது என்னங்க?' என்று கேட்டாள்.

அப்பக் கேட்டது ஊசு. மரம் ஈரமாக இருக்கிறதோ என்று வெடிக்கிற கார்பைட் கல்லைப் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறான். கரண்ட் போனது அவனுக்குத் தெரியாது, அவன் ஆற்றுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டா உட்கார்ந்திருந்தான், தெருப் பக்கம்தான் முதுகு. முகமெல்லாம் கரியோடு நம் வாசலுக்கு ஓடி வந்து, 'அக்கா, சும்மா ஒரு தடவை போட்டுப் பாத்தேன், நேரம் ஆகலைன்னு எல்லாருக்கும் தெரியும்னு நெனைச்சேன்' என்றான். உன் உம்மா பேரீச்சங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இமாமிடம் ஆள் போய்க் கேட்டு வந்தது. குற்றம் ஒன்றும் இல்லை, தெரியாமல் நடந்தது, ஆனால் சாப்பிட்டவர்களுக்கு அன்றைய நோன்பு சேராது, பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தெருவில் சிலர் சிரித்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள், நான் பாதி தின்ற கணவாயைப் பார்த்து வருத்தப்பட்டேன். உன் உம்மா மட்டும், தாயில்லாமல் தான் தூக்கி வளர்த்த அந்தத் தம்பியைப் பார்த்து, 'எத்தனை வருஷமாக் காத்திருந்த மாசம் தெரியுமாடா இது, வெடி வெச்சுத் தகர்த்துட்டியே, இனிமே இந்த வாசலை மிதிக்காதே' என்றாள். அவன் திரும்பிப் போய்விட்டான். பெண்டாட்டி போன பிறகு நோன்பு மாதத்தில் நம் வீட்டில்தானே அவனுக்குச் சாப்பாடு. மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

எனக்கு அன்று முதல் இரண்டு கேள்வி மண்டையைக் குடைய ஆரம்பித்தது. ஒன்று, விடியலிலிருந்து அவ்வளவு நேரம் பட்ட தாகம் எங்கே போகும், ஒரு பேரீச்சம்பழத்தில் அத்தனையும் கரைந்துவிடுமா? இமாம் சேராது என்றது கடமையைத்தான், தாகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே. இரண்டாவது, பகல் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே குடிக்காமல் இருக்கத் தெரிந்த மனுஷிக்கு ஒரு வார்த்தையை விழுங்கத் தெரியவில்லையே, அது ஏன்? இதை வாய்விட்டும் கேட்டுத் தொலைத்தேன். 'தண்ணியை அடக்குறது சுலபம், நாக்கை அடக்கிப் பாருங்க, அப்பத் தெரியும்' என்றாள். சரி பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் தேவையில்லாத பேச்சு ஒன்றுகூடப் பேசுவதில்லை என்று மனதில் நிய்யத் வைத்தேன். சுரியாத்தி வீட்டுப் பூனை நம் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் முற்பகலிலேயே என் நோன்பு முறிந்தது. உன் உம்மா சொன்னது சரிதான், பசியை விட இது கஷ்டம். நீ அங்கே வைத்துப் பார்த்து எப்படி இருந்தது என்று எழுது.

ஆனால் கோபத்திலும் அவள் அளவு குறையவில்லை மகளே. தினமும் காரக் கஞ்சி காய்ச்சி முடித்ததும் ஊசுவின் பங்கை அவனுடைய கோப்பையில் ஊற்றி மூடி வைப்பாள். கொண்டுபோய்க் கொடுக்கவும் மாட்டாள், கொடுங்கள் என்று சொல்லவும் மாட்டாள். தராவீஹ் தொழுகை முடிந்து வந்து பார்த்தால் கஞ்சி அப்படியே இருக்கும், வீணாக்கக் கூடாது என்று என் தலையில் கட்டுவாள். நோன்பு மாதத்தில் உடம்பு பருத்த ஆள் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு நாள் பொறுக்காமல் அவன் வீட்டுக்குப் போனேன். பீரங்கி மரத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடியிருந்தான். ஒரு டம்ளர் தண்ணீரும் பொட்டலத்து நூடுல்ஸும் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருந்தான். சும்மா இருக்க முடியாமல், உனக்கும் அன்றைக்குப் போச்சா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, 'எனக்கு எப்படி மச்சான் போகும், போட்டவன் நான்தானே, அது வெறும் சோதனைன்னு எனக்குத் தெரியாதா, நான் பாங்கு கேட்டுத்தான் திறந்தேன்' என்றான். யோசித்துப் பார், தெரு முழுக்க அன்றைய நோன்பு கெட்டது, கெடுத்தவனுடையது மட்டும் பத்திரமாக இருக்கிறது. எனக்கு அது அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் உம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. 'அப்ப அவனுக்கு மட்டும் முழு மாசம்' என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெருநாள் காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். அன்றைக்கு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியும்? ஊசு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான், அக்கா கையைப் பிடித்து, உள்ளும் புறமும் செய்த பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டான். அவளும் பொறுத்தேன் என்றாள், தானும் கேட்டாள், வார்த்தை ஒன்றும் குறையவில்லை. பிறகு கெத்துப்பாட் சோற்றையும் ரெண்டாங் கறியையும் கண்ணாடி அலமாரியில் இருக்கிற பூப்போட்ட தட்டில் வைத்துக் கொடுத்தாள். அது விருந்தாளித் தட்டு. இந்த வீட்டில் வளர்ந்தவன் அதைப் பார்த்தான், பாதி சாப்பிட்டான், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். வெறுப்பில் பேசாமல் இருந்தால்கூட ஒரு நாள் பேசிவிடுவாள், இப்படி மரியாதையாக நடத்த ஆரம்பித்தால் அவனை இழந்துவிடுவோம் என்று பயந்தேன்.

ஈட்டு நோன்பை ஆளுக்கொரு நாள் வைக்காமல் தெருவே சேர்ந்து ஒரே நாளில் வைப்போம் என்று பெண்கள் பேசி முடிவு செய்தார்கள். போன வியாழக்கிழமை வைத்தோம். சாயங்காலம் பலகைப்பாதையில் பாய் விரித்து அவரவர் சமைத்ததைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்கு வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது, கரண்டும் இருந்தது, ஒலிபெருக்கியில் பாங்கு காது கிழியக் கேட்டது. ஒருவராவது கையை நீட்ட வேண்டுமே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, 'நீ முதல்ல சாப்பிடு', 'இல்ல நீ சாப்பிடு' என்று ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் சுரியாத்தி, 'ஊசுவைக் கூப்பிடலையா, அவரும் இன்னிக்கு நோன்பு, படகுப் பட்டறையில டீ குடுத்தாங்க, வேண்டாம்னுட்டார்' என்றாள். உன் உம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு மடக்குத்தான் குடித்திருந்தாள். எழுந்து நேராக அவன் வீட்டை நோக்கி நடந்தாள். முழங்கால் வலிக்காரி நடக்கிற நடையா அது. எனக்கு இருப்புக்கொள்ளுமா, நானும் பின்னாலேயே போனேன்.

அவன் படிக்கட்டில் உட்கார்ந்து அப்போதுதான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டிருந்தான். அவள் முன்னால் போய் நின்று, 'உனக்குத்தான் கடன் இல்லையே, எதுக்குடா நோன்பு?' என்று கேட்டாள். மென்று விழுங்கிவிட்டு, 'தெருவே பட்டினி கிடக்குதுக்கா, எனக்கு டீ இறங்கலை' என்றான். அவள் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, நான் நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் பொருட்படுத்தாமல், 'அன்னிக்குப் பழத்தை வாயில வெச்சப்ப நான் என்ன நெனைச்சேன் தெரியுமா, அல்லாஹ்வை நெனைக்கலை, லேனாவையும் நெனைக்கலை. இன்னும் இத்தனைதான் பாக்கி, அப்புறம் முழுசாயிடும்னு நெனைச்சேன். பாதி மாசமா அதையேதாண்டா நெனைச்சுக்கிட்டிருந்தேன். உம்மேல எனக்குக் கோவம் இல்லை' என்றாள். அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். 'எந்திரி, கஞ்சி ஆறுது' என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள், வலி அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும். அன்றைக்கு அவன் தரையில் உட்கார்ந்து தன் கோப்பையில் இரண்டு தடவை வாங்கிக் குடித்தான். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அவ்வளவு மனதாரச் சொன்னது எப்போது என்று எனக்கே ஞாபகம் இல்லை.

படுக்கப் போகும்போது, அடுத்த வருடமும் விடாமல் வைக்கலாமே, எப்படியும் முழுதாகிவிடும் என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். 'வைப்பேன், எண்ண மாட்டேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, அந்தத் தாகம் எங்கே போனதென்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் விசாரித்து எழுது.

மீன்காரன் குரல் ஓய்ந்துவிட்டது, வந்துவிடுவாள். வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் பெரியவர்களிடம் முகம் சுளிக்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறையாத சுகத்தையும் தருவானாக, நீ தொட்டதில் எல்லாம் பரக்கத் செய்வானாக. ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த தடவை போன் செய்யும்போது அந்த மாதத்தைப் பற்றி உம்மாவிடம் வாய் திறக்காதே, எனக்காகவா வைத்தாய் என்று அழுதுவிடாதே. காலையில் எழுந்தாய், பசித்தது, வயிறு நிறையச் சாப்பிட்டாய் என்று மட்டும் சொல். அவள் நன்றி சொன்னது அதற்குத்தான்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் வாப்பா,
ஜும்ஹாரி.