மறக்க மறுக்கும் திரை

ஜூன் 3, 2024, திங்கள்
ஜமுனாமரத்தூர் சட்ட உதவி மையத்தில் இன்று என் உள்ளங்கைதான் ஒரு பெண்ணைக் காப்பாற்றியது. பட்டா மனுவுக்காக வந்த ராணியம்மாளின் எதிரே டேப்லெட்டை வைத்து, புகார்ச் செயலியைத் திறந்தேன். வெற்றுத் திரை வரவில்லை. சனிக்கிழமை செவ்வந்தி பாதி சொல்லிவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு ஓடினாரே, அந்த வாக்குமூலம் அப்படியே நின்றது. கணவர் கருப்பன் அடித்தது, பிறந்தகம் போய்விட அவர் முடிவெடுத்தது, எல்லாமே. ராணியம்மாள் கருப்பனின் அக்காள். செவ்வந்தி இங்கு வந்ததே அந்த வீட்டுக்குத் தெரியாது.

எழுதுவதைச் சொல்பவரே படிக்கட்டும் என்று திரையை அவர் பக்கம் திருப்பி வைப்பது என் வழக்கம். சட்டம் படித்த என் எச்சரிக்கை! கையால் மறைத்தேன். அவர் படித்தாரா?

ஜூன் 4
ராணியம்மாள் கண்ணாடி கொண்டு வந்திருக்கவில்லையாம். பிழைத்தோம். செயலியைச் செய்த போளூர் அருளிடம் பேசினேன்.
"அது தப்பு இல்ல சார், வசதி. நடுவுல போன் வந்தாகூட எழுதனது போவாது."
யாருக்கு வசதி? கேட்டேன்.
"இன்னா சார் நீங்க, ஞாபகம் வச்சிக்கறத போய் குத்தம்ன்றீங்க!"

ஜூன் 7
புதிய பதிப்பு. வெளியேறித் திறந்தால் வெறுமை. மகிழ்ந்தேன். பிறகு மூடாமல் ஒதுக்கிவிட்டு, வேறு நாலைந்து செயலிகளைத் திறந்துவிட்டுத் திரும்பினேன். என் சோதனை வாசகம் அச்சு மாறாமல் காத்திருந்தது!
"நீங்களா வெளிய வந்தா மறந்துடும் சார். எடம் பத்தாம டேப்லெட்டே மூடிச்சுன்னா மட்டும் எடுத்து வச்சிக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா 'சேமிக்காதே'ன்னு எழுதணும்."
எழுதுங்களேன் ஐயா! அதைத்தானே முதல் நாளிலிருந்து கேட்கிறேன்?

ஜூன் 10
கருப்பனே வந்தார். மரவள்ளியைக் காட்டுப்பன்றி அழித்துவிட்டதாம். "அந்த பொட்டில எழுதுங்க சார், பாக்கறேன்." டேப்லெட் பழுது என்றேன். பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல. பிறகு வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

ஜூன் 13
எந்த வழியில் திரும்பினாலும் திரை வெறுமை. இரண்டு முறை சோதித்தேன். செவ்வந்தி வந்தார். பாதி எழுதியபோது அதே டேப்லெட்டில் அருள் அழைத்தார்: "இப்ப சரியா வேல செய்யுதா சார்?" பேசிவிட்டுத் திரும்பினால், எழுதிய அனைத்தும் போயிருந்தது. மிகச் சரியாக வேலை செய்கிறது!
"மறுபடியும் மொதல்லருந்தா சார்?" என்றார் செவ்வந்தி. மன்னிப்புக் கேட்டேன். மீண்டும் தொடங்கியபோது, முன்பு சொல்லாத ஒன்றைச் சொன்னார்: விறகுக்கட்டையால் அடித்ததை. கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். எழுதினேன். படித்தார். அனுப்பினோம்.

ஜூன் 20
செவ்வந்தி கண்ணமங்கலத்தில், அம்மா வீட்டில். மனு நீதிமன்றத்தில் ஏறிவிட்டது. கருப்பனுக்கு நோட்டீஸ் இன்னும் போகவில்லை.
பன்றிப் புகாருக்காகக் கருப்பன் மறுபடியும் வந்தார். டேப்லெட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்.
"இன்னா சார், ஒண்ணுமே இல்ல?"
"இல்லைங்க. பேர்லருந்து சொல்லுங்க."