கண்ணாடித் தொட்டியில் அலையாத்தி

என் செல்லத் தம்பி ராசு,

எங்கேடா இருக்கே? சுதந்திரம் வந்துடுச்சுன்னு ஊரே 'மெர்டேக்கா, மெர்டேக்கா'ன்னு கூவிக்கிட்டுக் கிடக்கு. நம்ம காஜா பேராங் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு புதுக்கொடி. நம்ம வீட்டில் மட்டும் கட்டவில்லை. உன் படகு கவிழ்ந்து, நீ இல்லாமல் கரை ஒதுங்கியதிலிருந்து அம்மா எதற்கும் ஒத்துக்கொள்வதில்லை. உனக்குக் காரியம் செய்யவும்தான்.

எல்லாம் உன் மீன்தொட்டியால் வந்த வினை. ரோஜாச் செடி வளர்க்கிறவனெல்லாம் உனக்கு மனுசனாத் தெரியலையா? கடலோரச் சேற்றில் நிற்கிற அலையாத்தியைக் கொண்டுவந்து கண்ணாடித் தொட்டியில் நட்டாய். இன்னொன்று கொண்டாரேன் என்று படகில் போனவன்தான், பைத்தியக்காரா.

மாமா வந்து, "உடம்பு கிடைக்கலேன்னா தர்ப்பையில உருவம் செஞ்சாவது எரிக்கணும்க்கா" என்று கெஞ்சினார். அம்மா தொட்டியைக் காட்டினாள். "அவன் நட்டது துளிர் விடுது பாரு. உசுரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்குடா காரியம்?"

அலையாத்தி உப்பை இலைவழியாக வெளியே தள்ளும் என்று சொல்வாயே, காலையில் இலையெல்லாம் ஈரம் பூத்திருக்கும். அம்மா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். "ராத்திரி பூரா அழுதிருக்கான்டி" என்பாள்.

"உப்பு எங்கேயும் போகாதுக்கா, தண்ணிதான் வத்தும். நல்ல தண்ணி மட்டும் ஊத்து" என்று நீ படிச்சுப் படிச்சுச் சொன்னாய். அம்மா கேட்டால்தானே! கடல்ல கிடக்கிற பிள்ளைக்கு உப்பில்லாம எப்படி என்று தினமும் ஒரு கைப்பிடி போட்டாள். நான் தண்ணீரை மாற்றுவேன், அவள் மறுபடி போடுவாள். போன வாரம் செடி கருகிப்போச்சு.

அம்மா கண்ணில் படுவதற்குள், அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கடற்கரைக்கு ஓடினேன். உன் படகு ஒதுங்கிய இடத்துச் சேற்றிலிருந்து, அதே உயரத்தில் ஒரு செடியைப் பிடுங்கிவந்து நட்டேன். வேறென்ன செய்யச் சொல்றே? செடி செத்தது தெரிந்தால் அவளும் போய்விடுவாளே.

மறுநாள் காலை வழக்கம்போல இலையைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "இது நம்ம ராசு இல்லடி" என்றாள். "யாரு பெத்த பிள்ளையோ, பாவம், இதுவும் அழுவுது."

அவளுக்கு எப்படித் தெரிந்தது? நீ சொன்னியா?

பிறகு அந்தச் செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றினாள். உப்புப் போடவில்லை. "உன் மாமனை வரச்சொல்லு, காரியத்தை முடிச்சிடலாம்" என்றாள்.

நாளைக்குக் காரியம். அது முடிந்துவிட்டால், நீ வாசலில் வந்து நின்றாலும் ஆவி என்றுதான் கதவைச் சாத்துவார்கள். அம்மாவும் திறக்கமாட்டாள்.

நான் திறப்பேன்டா. நீயாக இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி, 'அக்கா'ன்னு ஒரு குரல் கொடு போதும். உள்ளே கூப்பிட்டு, தலையைத் துவட்டி, சோறு போடுவேன். சத்தியமா.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி அக்கா