அத்தானுக்கு எதிரான சான்று

ஜூலை 3
பேருந்தில் வரும்போது வானொலியில் என் பாட்டு. பாடி முடித்ததும் அறிவிப்பாளன், "இயற்றியவர் கல்மெட்" என்கிறான். கல்மெட்! என் அக்கா புருஷன்! ஐந்து வருடம் முன்னால் என் அடுப்படியில் பிறந்த பாட்டு. அன்றே கைபேசியில் பதிந்து, பென்டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் வரும் எங்கள் தீவின் சுதந்திர தினப் பாட்டுப் போட்டிக்கு முன்னால் ஊரைக் கூட்டித் தலைவரிடம் போட்டுக் காட்டுவேன். அத்தான் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்க வேண்டும். அதை நான் இலையில் சுட்ட கிழங்கு லாப்லாப் தின்றுகொண்டே பார்க்க வேண்டும்.

ஜூலை 5
தேவாலய அலுவலகக் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஒன்றும் வரவில்லை. "வேற ஓட்டையில போட்டுப் பாரு லெய்மாரா," என்றாள் போதகர் மனைவி. நான்கிலும் போட்டேன். அணைத்துப் போட்டேன். ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை.

ஜூலை 6
தம்பி கடைக் கம்ப்யூட்டரிலும் இல்லை. "இப்படி ஒண்ணு இருக்கிறதாவே இது நினைக்கலக்கா," என்கிறான். பேருந்தில் பாட்டுப் போடும் பெட்டியிலும் இல்லை.
அப்புறம்தான் உறைத்தது. போன மாதம் அத்தான் வந்து ஜன்னல் பலகை சரிசெய்தான். ஒரு மணி நேரம் வீட்டில் தனியாக இருந்தான். அலமாரி பூட்டவில்லை. அவனேதான். வேற யாரு?

ஜூலை 7
அக்கா போனில்: "அவரு எதுக்குடி உன் பொருளத் தொடப்போறாரு?" பாதியில் வைத்துவிட்டேன். அவளும் அவன் பக்கம்.

ஜூலை 10
தலைநகர் விலாவுக்குப் போய், போன் பழுது பார்க்கும் ரொத்தினாவிடம் கொடுத்தேன். அத்தான் கெடுத்ததைக் கண்டுபிடித்து எழுதிக் கொடு என்றேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"இதுல என்னக்கா தடவியிருக்கு? பிசுபிசுன்னு."
தேங்காயெண்ணெய். கடற்காற்றில் துருப்பிடிக்கும் என்று கத்தி, தையல் மிஷின், பூட்டு என்று எல்லாவற்றுக்கும் தடவுகிறேன். தகரம் மாதிரிப் பளபளத்தது என்று இதன் மூக்குக்கும் நான்தான் தடவினேன். அதில் தூசியும் உப்பும் சேர்ந்து இறுகிவிட்டது.
ரொத்தினா விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, பென்டிரைவ வறுக்கப் போறியா?" ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், ரப்பரால் தேய்த்தாள். சொருகினாள். திறந்தது.
சரி, கெடுத்தது அவனில்லை. ஆனால் திருடியது அவன்தானே? ரொத்தினா பதிவை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள்; வீட்டுக்குப் போய் நிதானமாகப் போட்டுக் கேட்கிறேன்.

ஜூலை 11
கேட்டேன்.
முதலில் வருவது அத்தான் குரல். முழுப் பாட்டையும், சொல்லும் மெட்டுமாக, அவன்தான் பாடுகிறான். பிறகு நான் சிரிக்கிறேன். "எங்க புடிச்சீங்க அத்தான் இத?" அவன்: "வலை இழுக்கிறப்ப தானா வந்துச்சு. உனக்கு நல்லாருக்கும், நீயே பாடு."
எப்படி மறந்தேன்? நிஜமாகவே மறந்தேனா?
ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

ஜூலை 12
பாட்டை எனக்குன்னுதானே கொடுத்தான்? அப்புறம் எதுக்குத் தன் பேரைப் போட்டான்? விடமாட்டேன்.

ஜூலை 18
ஊர்ச்சாவடியில், நக்கமாலில், ஊர்க்கூட்டம். அத்தான் எதிரில் பாயில் உட்கார்ந்திருந்தான். தலைவர் என்னைக் கேட்டார்: "அந்தச் சின்னப் பெட்டி திறந்துச்சாம்மா?"
"திறக்கல, கெட்டுப்போச்சு," என்றேன்.
அத்தான் என்னையே பார்த்தான். பிறகு குனிந்து பாயின் ஓரத்தை நீவினான். இத்தனை வருடம் பாடியவள் நான் என்பதால் பாட்டு எனக்கென்று தீர்ப்பு. வழக்கப்படி அவன் எனக்குத் தண்டமாக ஒரு பாய் தர வேண்டும், பகை தீர்ந்ததைக் காட்ட மேடையில் என் பின்னால் கிட்டார் வாசிக்க வேண்டும்.
ஜெயித்துவிட்டேன்.

ஜூலை 30
சுதந்திர தினம். மேடையில் என் பெயரைச் சொன்னார்கள், கைதட்டினார்கள். இரண்டாம் சரணத்தில் வரி மறந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து, ஒலிபெருக்கியில் விழாதபடி மெதுவாக, அத்தான்தான் எடுத்துக்கொடுத்தான்.